மூச்சுப் பிடிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது என்று புத்தகங்களில் போட்டிருக்கிறார்கள். யாரோ சரியாக விசாரிக்காமல் எழுதிவிட்டார்கள். முத்துக்குளிப்பு இன்றும் நடக்கிறது. ஆண்டுதோறும் கல்லூரி திறந்ததும் தொடங்கும். எப்போது முடியும் என்பது கடலுக்கும் தெரியாது, கருவூலத்துக்கும் தெரியாது. குளிப்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். அன்று பரதவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லோடு இறங்கினார்கள். இன்று தேவேந்திரகுல வேளாளர், பறையர், அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். தேடும் முத்துக்குப் பெயர் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை.

பழைய குளிப்பின் கணக்கு எளிது. கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. மூச்சைப் பிடித்தவன் ஒருவன், பிடிக்காதவனுக்கு இரண்டு பங்கு. இதில் கடற்கட்டி என்று இன்னொரு ஆளும் உண்டு. கரையில் உட்கார்ந்து சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்வது அவர் உத்தியோகம். வெள்ளைக்காரனுக்கு மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கடற்கட்டி இல்லாமல் குளியாட்கள் இறங்கமாட்டார்கள் என்பதால் வைத்துக்கொண்டான். உடம்பில் ஒரு துளி உப்புத் தண்ணீர் படாமல் அவருக்கும் வரும்படி வந்தது. அந்தப் பதவி ஒழிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒழியவில்லை. பிரிந்து, பெருகி, மேசையும் சுழல் நாற்காலியும் வாங்கி, தாலுகா முதல் தலைநகர் வரை உட்கார்ந்திருக்கிறது. மந்திரம் மட்டும் மாறியிருக்கிறது. இப்போது ஓதுவது: "சர்வர் டவுன், நாளைக்கு வா தாயி."

இந்த உதவித்தொகை யாரோ மனமிரங்கிப் போட்ட பிச்சை என்று நினைப்பவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டலாம். 1942இல் வைசிராய் லின்லித்கோவிடம் அம்பேத்கர் ஒரு நீண்ட மனு கொடுத்தார். பனாரஸுக்கும் அலிகருக்கும் ஆண்டுதோறும் பணம் கொடுக்கிறீர்களே, தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கணக்குக் கேட்ட மனு அது. கணக்குக் கேட்டுத்தான் 1944இல் இந்தத் திட்டம் பிறந்தது. நாட்டின் விடுதலையைவிட மூன்று வயது மூத்தது. அதே 1944இல்தான் அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்காகவும் அவர்களுடைய கல்லூரிகளுக்காகவும் யுனைடெட் நீக்ரோ காலேஜ் ஃபண்ட் தொடங்கினார்கள். கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் கேட்டிருக்கிறார்கள்.

அம்பேத்கரே உதவித்தொகையில் படித்தவர். 1913இல் பரோடா மன்னர் கொடுத்த பணத்தில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படித்துவிட்டு வந்து பத்தாண்டு பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு கிடைத்த பணம். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது என்று லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். அரசியல் சட்டத்தை எழுதப் போகிறவருக்கே ரினியூவல் கிடைக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கத்து முள்ளக்காட்டு உப்பளத்துக்காரி மகளுக்குக் கிடைக்கவில்லை என்று நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்?

அந்தப் பக்கம் அமெரிக்காவில் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் கதை இன்னும் ருசியானது. 1890இல் ரதர்போர்டு ஹேய்ஸ் என்ற பெரிய மனிதர், முன்னாள் அமெரிக்க அதிபர், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் கல்விக்காக ஏற்பட்ட ஸ்லேட்டர் நிதியின் தலைவர், ஒரு கூட்டத்தில் பேசினார். திறமையுள்ள கறுப்பின இளைஞன் ஒருவன் கிடைத்தால் ஐரோப்பாவுக்கு அனுப்பிப் படிக்கவைக்க நாங்கள் தயார், ஆள்தான் அகப்படவில்லை என்ற பொருளில். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டு பாய்ஸ் உடனே விண்ணப்பித்தார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது என்று பதில் வந்தது. அவர் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. இப்படிப் பேசி என் இனத்தையே அவமானப்படுத்திவிட்டீர்கள் என்று ஹேய்ஸுக்கே சூடாக எழுதினார். 1892இல் பெர்லினுக்குப் பணம் கிடைத்தது. அதுவும் பாதி நன்கொடை, பாதி கடன்.

"தகுதியானவர்கள் கிடைக்கவில்லை." இந்த வாக்கியத்துக்குக் காப்புரிமை இருந்திருந்தால் ஹேய்ஸின் வாரிசுகள் இந்திய அரசிடமிருந்து மட்டும் கோடி கோடியாக வசூலித்திருப்பார்கள். 2018இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் இந்தத் திட்டத்தைத் தணிக்கை செய்து அறிக்கை கொடுத்தார். பணம் ஆண்டுக்கணக்கில் தாமதமாகப் போவதும், தகுதியுள்ள பிள்ளைகள் யார் யார் என்ற கணக்கே அரசிடம் ஒழுங்காக இல்லாததும் அதில் இருந்தது. தேடாதவனுக்கு எப்படிக் கிடைக்கும்?

சரி, முள்ளக்காட்டுக்கே வருவோம். ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இப்படி நூறு பேர் இருக்கிறார்கள். அம்மா உப்பு வாருகிறாள். விடியுமுன் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினால், வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தும்வரை வேலை. ஐப்பசி பிறந்துவிட்டால் அதுவும் இல்லை. அந்த மழை மாதங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது நல்ல காரியம், சொல்லிவிட வேண்டும். மகள் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். சோடியம் குளோரைடு பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அவள் முதலில் தன் அம்மா ஏழை என்று நிரூபிக்க வேண்டும். போன வருஷம் நிரூபித்தது போன வருஷத்தோடு சரி. வருமானச் சான்றிதழுக்கு ஆயுள் ஒரு வருஷம். ஜூன் மாதம் அரசுக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிடும்: உப்பளத்துக்காரி இந்த ஒரு வருஷத்தில் கப்பல் கம்பெனி வாங்கியிருப்பாளோ? இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். அங்கிருந்து விஏஓ, விஏஓவிடமிருந்து ஆர்ஐ, ஆர்ஐயிடமிருந்து தாலுகா அலுவலகம். "சம்பளச் சீட்டு இருக்கா?" என்று ஒருவர் கேட்பார். உப்பளத்தில் சம்பளச் சீட்டு! கூலிக் கணக்கு கங்காணி சட்டைப்பையில் உள்ள நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டைக் கேட்டால் கூலியும் போகும்.

பிறகு கைரேகை. இதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். அந்த அம்மா கண்ணாடித் துண்டின்மேல் கட்டைவிரலை வைக்கிறாள். சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறாள். சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு. கம்ப்யூட்டர்காரப் பையன் நல்ல பிள்ளை, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து விரலை நனைத்துவிட்டு அழுத்தச் சொல்கிறான். சிவப்பு. உப்பு அவள் ரேகையை எப்போதோ தின்றுவிட்டது. விரலில் வெள்ளை வெள்ளையாக வெடிப்பு இருக்கிறதே தவிர வரி இல்லை. அவள் உப்பளத் தொழிலாளி என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்? ஆனால் அந்தச் சான்றை வாங்க எந்த மென்பொருளிலும் இடம் இல்லை. "கண்ணைக் காட்டுங்க பாட்டி" என்கிறான் பையன். அவளுக்கு நாற்பது வயதுதான்.

வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். 2013இல் வைத்த கோடு. அதன் பிறகு அரிசி ஏறியது, கேஸ் ஏறியது, எம்.எல்.ஏ. சம்பளம் ஏறியது, கோடு மட்டும் தவம் செய்கிறது. மாதம் 21,000 ரூபாய் வாங்கும் வீட்டில் பிறந்த ஆதிதிராவிடப் பிள்ளை இந்த நாட்டுச் சட்டப்படி பணக்காரன். இதே நாடு 2019இல் அரசியல் சட்டத்தை 103ஆவது முறையாகத் திருத்திப் பொதுப் பிரிவில் உள்ள ஏழைகளுக்கு இடஒதுக்கீடு கொடுத்தது. அங்கே ஏழை என்பதற்கு உச்சவரம்பு எட்டு லட்சம். ஒன்று இடஒதுக்கீடு, மற்றது உதவித்தொகை, இரண்டையும் ஒப்பிடலாமா என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஒப்பிடலாம் ஐயா. ஏழை என்ற ஒரே ஆளைத்தானே இரண்டு இடத்திலும் அளக்கிறீர்கள்? ஒரு வீதியில் மாதம் 60,000 வாங்குகிறவர் பாவம், ஏழை. இன்னொரு வீதியில் 21,000 வாங்குகிறவர் கொழுத்தவர். அளவுகோல் வீதிக்கு வீதி நீளுகிறது, குறைகிறது. எந்த வீதி என்று சொல்லவேண்டுமா?

எல்லாச் சான்றிதழும் சேர்ந்து, ஓடிபி வந்து, ஆதார் வங்கிக் கணக்கோடு லிங்க் ஆகி, யூமிஸ் தளத்தில் கல்லூரி ஒப்புதல் கொடுத்து, கடைசியில் கிடைப்பது என்ன? கட்டணம் போக, பராமரிப்புப் படி என்று ஒன்று உண்டு. வீட்டிலிருந்து வந்து பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைக்கு 2021இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். ஒரு நாளைக்கு எட்டு ரூபாய் சொச்சம். தூத்துக்குடியில் எட்டு ரூபாய்க்கு டீ குடிக்க முடியாது; கிளாஸைக் கழுவிய தண்ணீர் வேண்டுமானால் தருவார்கள். இன்னொரு அழகு: 2010இல் இதே பிரிவுக்கு மாதம் 300 ரூபாய். பத்து மாதக் கல்லூரிக்குப் பெருக்கிப் பாருங்கள். பதினோரு வருஷம் யோசித்து, குழு போட்டு, கோப்பு நகர்த்தி, அமைச்சரவை கூடி, ஒரு ரூபாயும் கூட்டாமல் அதே தொகைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு? மாநில அரசின் ஆதிதிராவிடர் நல விடுதியில் கல்லூரி மாணவருக்கு மாதச் சாப்பாட்டுச் செலவு 1,100 ஆக இருந்தது, 2023இல் 1,500 ஆனது. நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. இதைச் சொல்லிக் குறைபட்டவர்களுக்குப் பதில் 2025 ஜூலையில் கிடைத்தது: நல விடுதிகள் அனைத்துக்கும் இனி 'சமூகநீதி விடுதி' என்று பெயர். பெயர்ப் பலகை அடிக்க ஒப்பந்தம் எடுத்தவர்களுக்கு எத்தனை நாளில் பில் பாஸ் ஆனதோ! சாம்பாரில் பருப்பைத் தேடும் பிள்ளை இனி சமூகநீதியைத் தேடிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே அடர்த்தியில்தான் மிதக்கும்.

படிக்காசு கிடக்கட்டும். உண்மையான சூது கட்டணத்தில் இருக்கிறது. 2012இல் தமிழக அரசு அரசாணை 92 என்று ஒன்று போட்டது. சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களிடமும், ஆதிதிராவிடராக இருந்து கிறித்தவராக மாறிய மாணவர்களிடமும் கல்லூரி பணம் கேட்கக் கூடாது, அரசே கொடுத்துவிடும் என்பது சாரம். நெஞ்சு நிறைகிற ஆணை. இந்த ஆணையால் எத்தனையோ வீட்டில் முதல் இன்ஜினீயர் வந்தார், மறுக்க முடியாது. அதனால்தான் அதன் காலை ஒடிக்க வேண்டியிருந்தது. 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது என்று வெட்டினார்கள். பிறகு 2021இல் மத்திய அரசு, என் பங்கை மாணவர் கணக்கிலேயே நேராகப் போடுகிறேன் என்றது. கேட்கக் காதுக்கு இனிமை. இடைத்தரகன் ஒழிந்தான், வெளிப்படைத்தன்மை வந்தது, எல்லாம் சரி. ஆனால் கணக்கில் எப்போது விழும்? மாநிலம் தன் 40 சதவீதத்தைப் போட்ட பிறகு மத்திய அரசு தன் 60ஐப் போடும். 40 ஏன் வரவில்லை என்றால் 60ஐக் கைகாட்டும் மாநிலம். 60 ஏன் வரவில்லை என்றால் 40ஐக் கைகாட்டும் டெல்லி. கூட்டாட்சித் தத்துவம் இவ்வளவு கச்சிதமாக வேலை செய்யும் இடம் இந்த ஒன்றுதான்.

இந்த நூறு சதவீதமும் வந்து சேரும்வரை கல்லூரி அலுவலகம் என்ன சொல்லும்? "இப்ப கட்டிருங்கம்மா. கவர்மென்ட்டு காசு வந்ததும் திருப்பித் தந்துருவோம்." அரசாணை 92ஐ எடுத்துக் காட்டினால், "அதெல்லாம் பழசு" என்று ஒரு சிரிப்பு. கட்டாவிட்டால் ஹால் டிக்கெட்டுக்கு இழுத்தடிப்பு. படித்து முடித்தவனுக்கு டிசி நிற்கும். டிசி நின்றால் மேல்படிப்பு நிற்கும், வேலை நிற்கும்.

கட்டுவதற்கு உப்பளத்துக்காரி எங்கே போவாள்? குழுக் கடன், நகைக் கடன், அதுவும் தீர்ந்தால் கந்துவட்டி. 2003இலேயே கந்துவட்டியை ஒழிக்கத் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகு 2017இல் பக்கத்து நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் கந்துவட்டிக்காகத் தீக்குளித்ததையும் பார்த்தோம். வட்டிக்காரன் மட்டும்தான் இந்த ஊரில் சான்றிதழ் கேட்பதில்லை, சர்வர் டவுன் என்பதில்லை, கேட்ட அன்றே கையில் வைக்கிறான். பன்னிரண்டு மாதமோ பதினெட்டு மாதமோ கழித்து உதவித்தொகை வந்து விழும்போது, அது நேராக வட்டிக்குப் போகும். அரசு புள்ளிவிவரத்தில் 'பயனாளி' என்று அந்தப் பெண்ணின் பெயர் இருக்கும். பயன் அடைந்தவன் பைக்கில் வந்து வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருப்பான்.

முதலில் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள் என்று சொன்ன நிமிஷமே இது ஏழைகளுக்கான திட்டமாக இல்லாமல் போய்விட்டது. முதலில் கட்ட வசதி உள்ளவனுக்குத் தள்ளுபடி தருகிற கடைக்காரன் வேலையாகிவிட்டது. எவனிடம் கட்டப் பணம் இல்லையோ அவனுக்காகத்தான் 1944இல் கேட்டு வாங்கினார்கள். அவன் பிளஸ் டூவோடு நின்று உப்பளத்துக்கோ, திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போய்விடுகிறான். பட்ஜெட்டில் அவன் பங்கு மிச்சமாகிறது. மிச்சமானதைப் பார்த்து, தகுதியானவர்கள் கிடைக்கவில்லை என்கிறார்கள். ஹேய்ஸ் ஐயா, வணக்கம்.

முடியாத காரியம் என்றால் சும்மா இருந்துவிடலாம். முடிகிற ஊர் இது. வின்ஃபாஸ்ட் கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 4 அன்று முதல்வர் வந்து ஆலையைத் திறந்துவைத்தார். நிலம், மின்சாரம், தண்ணீர், அனுமதி எல்லாம் ஒற்றைச் சாளரத்தில். அதற்காக நமக்கு வயிற்றெரிச்சல் இல்லை. வேலை வந்தால் சந்தோஷம். கேள்வி ஒன்றுதான்: வியட்நாம் முதலாளிக்கு ஒரே சன்னல், உள்ளூர்ப் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஏழு கவுன்டர்? மண் மேட்டில் ஒரு கார் தொழிற்சாலை எழும்பும் காலத்தில் 40ம் 60ம் சேர்ந்து நூறாக முடியவில்லை.

கார் வேண்டாம், இதே அரசின் இன்னொரு திட்டத்தைப் பார்ப்போம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். மாதா மாதம் கணக்கில் விழுகிறது. அதே ஆதார், அதே வங்கி, அதே பிள்ளை. அங்கே சர்வர் டவுன் ஆவதில்லை. ஏன்? அது விழாத மாதம் அடுத்த நாளே தெருவுக்குத் தெரியும், ஓட்டுக்குத் தெரியும். எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் போகிற பணம் தாமதமாகாது. ஒரு சாதிக்கு மட்டும் போகிற பணம் ஆற அமர நடந்து வரும். 2023இல் மகளிர் உரிமைத்தொகைக்கு ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதியை எடுத்தார்கள் என்று தேசிய பட்டியல் சாதியினர் ஆணையமே விளக்கம் கேட்டது. சமூகநீதிக் குதிரைக்குப் புல் வேண்டுமென்றால் எந்தத் தோட்டத்தில் மேயலாம் என்று எல்லா அரசுக்கும் தெரிந்திருக்கிறது.

சாதியோடு கதை முடிந்துவிடாது, கடற்கரை ஆயிற்றே, மதமும் வேண்டும். 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். சிலுவை போட்டவன் வெளியே. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்டதும் சாதி கரைந்துவிடுகிறது என்று டெல்லியில் முடிவு செய்திருக்கிறார்கள். கரைந்ததென்றால் ஊரில் சேரி ஏன் தனியாக இருக்கிறது, கல்லறைத் தோட்டத்தில் சுவர் ஏன் இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. கேட்க வேண்டிய ஆயர்களும் எல்லா ஊரிலும் கேட்டுவிடவில்லை. நம் மாநில அரசு மதம் மாறியவர்களுக்கும் தன் கையிலிருந்து உதவித்தொகை கொடுக்கிறது. சான்றிதழில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். பரவர், அதாவது அன்று முத்துக் குளித்த பரதவர், கதை இதைவிட வேடிக்கை. அதே கடல், அதே வலை, அதே பனிமய மாதா. தூத்துக்குடியில் பரவர் பட்டியல் சாதி கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் பட்டியல் சாதி. பழைய திருவிதாங்கூர் எல்லைக்கோடு இன்னும் பிள்ளைகளின் ஃபீஸ் ரசீதில் ஓடுகிறது. அங்கேயும் பரவர்கள் பெரும்பாலோர் கிறித்தவர்கள். ஆக, கொடுத்த இடத்தில் வாங்க ஆள் இல்லை, ஆள் உள்ள இடத்தில் கொடுக்க மனம் இல்லை.

உள்ளூரே வேண்டாம், வெளிநாடு போய்ப் படிக்கிறேன் என்கிறாயா? அதற்கும் மத்திய அரசில் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. நாடு முழுவதற்கும் 125 இடம். 2022இல் அதற்கு ஒரு புது விதி போட்டார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்குப் பணம் கிடையாது. கொலம்பியாவில் உட்கார்ந்து இந்தியாவில் சாதி எப்படி உண்டாயிற்று என்று 1916இல் கட்டுரை படித்த அம்பேத்கர் இன்று விண்ணப்பித்தால் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார்கள். விதியைத் தாண்டி வந்தவர்களுக்கு வேறு கண்டம். 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று தகவல். ஆள் கிடைக்கவில்லை என்று இங்கே சொல்ல முடியாதே, 106 பேர் பட்டியலில் நிற்கிறார்கள்! அதனால் பணம் கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். ஆள் இருந்தால் பணம் இல்லை, பணம் இருந்தால் ஆள் இல்லை.

அமெரிக்காவிலும் இப்போது இதே காற்றுதான். 2023 ஜூனில் அங்கே உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு சேர்க்கையைப் பற்றியது. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் அந்த மை காயுமுன்னே கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த உதவித்தொகைகளையும் சுருட்டத் தொடங்கிவிட்டன. எடுப்பதற்கு மட்டும் எந்த நாட்டிலும் சர்வர் டவுன் ஆவதில்லை.

நமக்குத்தான் இது புதிதா? 1995 ஆகஸ்ட் 31 அன்று இதே மாவட்டத்தில் கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் புகுந்தார்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கொஞ்சம் நிமிர்ந்திருந்த தலித் கிராமம். டி.வி.யை உடைத்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். அத்தோடு நிற்காமல் பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் தேடி எடுத்துக் கிழித்தார்கள், எரித்தார்கள். ஆளை அடித்தால் ஆறு மாதத்தில் ஆறிவிடும், காகிதத்தை அழித்தால் ஒரு தலைமுறை பின்னுக்குப் போகும் என்று தெரிந்த கைகள் அவை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வெழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்புத் தலித் மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்கள். அங்கேயும் எழுதுகிற விரல். இவ்வளவையும் தாண்டி ஒரு பிள்ளை கல்லூரி வாசலுக்கு வந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே நாகரிகமாக அதே வேலையைச் செய்ய ஒரு கவுன்டர் இருக்கிறது. கத்தி வேண்டாம், தீ வேண்டாம், "இந்த வருஷச் சான்றிதழ் வச்சிட்டு வா" என்றால் போதும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று உண்டு. டு பாய்ஸ் கடிதம் எழுதினார், அம்பேத்கர் கணக்குக் கேட்டார். யாரும் அழுது வாங்கவில்லை. நம்மிடம் 2005இலிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாள் ஒன்று, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒன்று. கேளுங்கள்: என் கல்லூரியில் போன ஆண்டு விண்ணப்பித்த ஆதிதிராவிட மாணவர்கள் எத்தனை பேர்? மாநிலப் பங்கு எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது, மத்தியப் பங்கு எந்தத் தேதியில்? என் விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது, அந்த மேசைக்காரர் பதவிப் பெயர் என்ன? அரசாணை 92ஐ மீறிப் பணம் வசூலித்த கல்லூரிகள் மேல் எடுத்த நடவடிக்கையின் நகல் தருக. முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு வகுப்பில் இருபது பேர் தனித்தனியாகப் போடுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அந்தப் பத்து ரூபாயும் கட்ட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. அதற்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும்.